சாயங்காலத்துக்குள் போனால் போதும்

2007-ஆம் ஆண்டின் முதல் பருவத்தில், ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, நான் மலை ஏறியதற்குக் கல்லூரியில் மதிப்பெண் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தின் கடைசி மலை நடை முடிந்த நாள் காலையில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தால், என் நண்பன் தன் தகப்பனாரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போயிற்று. இதுவரை இதை யாரிடமும் வரிசையாகச் சொன்னதில்லை. நேரம் தெரிந்த இடத்தில் நேரத்தையும், தெரியாத இடத்தில் தெரியாது என்பதையும் எழுதுகிறேன். அந்த நாளின் தேதியை மட்டும் எழுதவில்லை. அது அந்த வீட்டாருக்கு உரியது.

நான் தூத்துக்குடிப் பக்கக் கடற்கரையைச் சேர்ந்தவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு 2005 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவுக்கு வந்தேன். அப்பா அங்கே ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் டெக்னீஷியன். வந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். கிழமை, அப்பாவின் ஷிப்ட், அன்றைய வெயில், யார் ஊருக்குப் போனார்கள், யார் வந்தார்கள் என்று எல்லாம் இருக்கும். எழுதாவிட்டால் நாள் கழியாதது போல எனக்கு ஒரு பழக்கம்.

இந்தியக் கல்லூரி ஒன்றின் கிளை அங்கே புதிதாகத் தொடங்கியிருந்தது. அதில்தான் சேர்ந்தேன். நான்காம் பருவத்தில் விருப்பப் பாடமாக ‘வெளிப்புறத் திறன்களும் தலைமைப் பண்பும்’ என்று ஒன்று வந்தது. மற்ற விருப்பப் பாடங்கள் காலை எட்டு மணிக்கு. இது மதியம். அதனால் பெயர் கொடுத்தேன். அறையில் உட்கார்த்திவைத்துப் படம் காட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் வகுப்பிலேயே எங்கள் பன்னிரண்டு பேரையும் வெயிலில் நிறுத்தி, ஆளுக்கு எட்டு லிட்டர் தண்ணீரை முதுகில் ஏற்றி, மைதானத்தை இருபது சுற்று நடக்கவைத்தார்கள்.

பயிற்சியாளர் நேபாளத்துக்காரர். ராணுவத்தில் பல வருடம் இருந்தவர். அவரை ‘உஸ்தாத்’ என்றுதான் கூப்பிட வேண்டும். எங்களோடு இந்தியில் பேசுவார், திட்டுவதற்கு மட்டும் ஆங்கிலம். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வெள்ளியும் சனியும் மலை. நாட்டின் வடக்கு முனையில், கடலை ஒட்டி எழும் அந்த மலைகளில் மரம் என்று சொல்ல அதிகமில்லை. பழுப்புக் கல், அதன்மேல் இன்னொரு பழுப்புக் கல். தூரத்திலிருந்து பார்த்தால் செத்துப்போன இடம் போலிருக்கும். உள்ளே போனால் கல் அடுக்கிக் கட்டிய வயல்கள், மழைத் தண்ணீர் தேக்கும் தொட்டிகள், எவனோ எப்போதோ நடந்து நடந்து வழவழப்பான படிகள். வரைபடத்தில் உயரக் கோடுகளைப் படிக்கவும், திசைகாட்டியை வைத்து நடக்கவும், காலில் கொப்புளம் வரும் முன்னே அதன் இடத்தைக் கண்டுபிடிக்கவும் அங்கேதான் கற்றேன்.

ஒவ்வொரு நாளும் ஒருவன் தலைவன். அவன் சொல்வதுதான் வழி. உஸ்தாத் ஐம்பது அடி பின்னால் வருவார். ஆபத்து என்றால் ஒழிய வாய் திறக்கமாட்டார். மாலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அன்றைய தலைவன் செய்த நல்லதையும் கெட்டதையும் அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நாட்குறிப்புப் பழக்கத்தைப் பார்த்து, குழுவின் பதிவேட்டை எழுதும் வேலையை உஸ்தாத் எனக்குத் தந்தார். உஸ்தாத்திடம் இருந்த விதிகள் சிலவே. கூட்டத்தின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவனின் வேகம். மலையில் ரகசியம் கிடையாது. யாருக்கு என்ன தெரிந்தாலும் அது எல்லோருக்கும் தெரிய வேண்டும். இந்த இரண்டைத்தான் அடிக்கடி சொல்வார்.

பன்னிரண்டு பேரில் தமிழர்கள் இருவர்தான். இன்னொருவன் என் நண்பன். துபாய் தேராவில் பிறந்து வளர்ந்தவன். குடும்பம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். அவன் வாப்பா தேராவில் துணிக்கடை வைத்திருந்தார். இவன் கல்லூரி விடுதியில் தங்கி, விடுமுறையில் வீட்டுக்குப் போவான். தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. பாதிக்குப் பாதி ஆங்கிலம்.

“இந்த ‘ஏல’ சொல்றத நிறுத்துடா. வில்லன் கூப்பிடுற மாதிரியே இருக்கு. எனக்கு ஹார்ட் ரேட் ஏறுது” என்பான்.

“ஏல, உன் ‘யல்லா யல்லா’வுக்கு இது தேவலைல. ஒட்டகம் மேய்க்கிற மாதிரி.”

“ஒட்டகத்த யாரும் யல்லான்னு ஓட்டமாட்டாங்கடா, ஃபூல்.”

அவன் வாப்பாவை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். ஜனவரியில் மூட்டைப் பையோடு மகனை விடுதியில் இறக்கிவிட வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை லுங்கி, கையில் சாவிக்கொத்து. பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டிய தாளை மூக்குக்கு அருகே பிடித்துப் படித்தார்.

“மலை ஏறுறதுக்குப் பரீட்சை வேறயா தம்பி? அந்த மலையில ஆடு நிக்கிது பாருங்க, எந்தப் பரீட்சையும் எழுதாமத்தான் ஏறுது.”

“வாப்பா, ஜஸ்ட் சைன் பண்ணுங்க.”

“பண்றேன்டா. கால உடச்சிட்டு வந்தா உங்க உம்மாக்குப் பதில் சொல்ல என்னால ஆகாது. தம்பி, நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க.”

கையெழுத்தைப் போட்டுவிட்டு எனக்கும் சேர்த்து ஒரு பை பேரீச்சம்பழம் கொடுத்துப் போனார்.

பிப்ரவரியில் என் நண்பனின் முதல் தலைவன் நாள் வந்தது. உயரக் கோட்டைத் தப்பாகப் படித்துவிட்டான். பள்ளத்தாக்கு இறங்கும் என்று அவன் நினைத்த இடம் வறண்ட அருவியாக இருந்தது. கீழே நாற்பது அடி வெறும் பாறை. அங்கிருந்து மூன்று மணி நேரம் திரும்ப ஏறினோம். அன்று மாலை வட்டத்தில் எல்லோரும் அவனைக் கிழித்தார்கள். அவன் அதை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னானாம். வாப்பா விழுந்து விழுந்து சிரித்து, “ஆடு தேவலை” என்றாராம். அடுத்த வாரம் என்னிடம் சொல்லும்போது அவனும் சிரித்தான். ஆனால் உஸ்தாத்திடம் போய், எனக்கு இன்னொரு நாள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். ஐந்து நாள் நடையின் கடைசி நாள் அவனுக்கு ஒதுக்கப்பட்டது. நடை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் முழு வழியையும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நடை மார்ச் கடைசியில். நான்கு நாட்கள் நன்றாகவே போயின. ஐந்தாம் நாள் காலை ஆறு நாற்பதுக்கு, நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, உஸ்தாத் சாட்டிலைட் போனோடு என்னிடம் வந்தார். அவசரத்துக்கென்று கல்லூரி அலுவலகம் வீட்டாருக்குக் கொடுத்திருந்த எண் அது; பேட்டரியை மிச்சப்படுத்த, நடக்கும்போது அதை அணைத்துவைப்பார்.

“மதராஸி மே போல் ரஹா ஹை, ரோ ரஹா ஹை. தூ பாத் கர்” என்றார். தமிழில் பேசுகிறார், அழுகிறார், நீயே பேசு. என் நண்பன் அப்போது ஓடைப் பக்கம் முகம் கழுவப் போயிருந்தான்.

போனில் இருந்தவர் அவன் சாச்சா, வாப்பாவின் தம்பி.

“தம்பி, நீங்க யாரு? அவன் கூட்டாளியா? கிட்டக்க அவன் இருக்கானா?”

“இல்லங்க. தள்ளிப் போயிருக்கான்.”

“காக்கா மௌத்தாயிட்டாங்க தம்பி. சுபுஹு தொழுதுட்டு வந்து நெஞ்சக் கரிக்குதுன்னு படுத்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள...” காக்கா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன்; என் நண்பனின் வாப்பா இறந்துவிட்டார். பிறகு, “அவன்ட்ட சொல்லிடாதீங்க. மலையில நிக்கிறான், பதறிப்போய்க் கால வச்சா என்ன ஆகுறது? வாப்பாக்கு உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லி வெரசா கூட்டிட்டு வாங்க. இங்க வந்ததும் நாங்க சொல்லிக்கிறோம்” என்றார்.

“சரிங்க.”

“வெரசா, தம்பி.”

அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. பேச்சு இரண்டு நிமிடம்கூட இருக்காது.

உஸ்தாத் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன விஷயம் என்று கேட்டார். அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். சீரியஸா என்று கேட்டார். எக்ஸிட் எடுக்கட்டுமா என்றும் கேட்டார். எக்ஸிட் என்றால் அவசர இறக்கம். எங்கள் முகாமிலிருந்து ஒன்றரை மணி நேரம் கீழே இறங்கினால் புல்டோசர் வைத்து வெட்டிய ஒரு மண்பாதை இருந்தது. அதுவரை பிக்கப் வரும். திட்டமிட்ட வழி வேறு. முகட்டின் மேலேயே நடந்து, ஆளில்லாத ஒரு ஊரைக் கடந்து, மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல். அங்கே இரண்டு மணிக்குக் கல்லூரி வேன் நிற்கும்.

நான் சொன்னேன்: “ஷாம் தக் பஹுஞ்சே தோ டீக் ஹை.” சாயங்காலத்துக்குள் போனால் போதும்.

சாச்சா அப்படிச் சொல்லவில்லை. வெரசா என்று இரண்டு முறை சொன்னார். சாயங்காலம் என்பதை நானாகச் சேர்த்தேன்.

ஏன் சேர்த்தேன் என்பதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. இரண்டும் அன்று காலை அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு மிகச் சரியாகவே தோன்றின.

ஒன்று, நான் வளைகுடாவில் அதுவரை பார்த்திருந்த சாவு. 2005 நவம்பரில் அப்பாவின் தொழிற்சாலையில் குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் இறந்துபோனார். அப்பாதான் தாள்களோடு அலைந்தார். போலீஸ், ஆஸ்பத்திரி, கஃபீல் எனப்படும் விசா முதலாளியின் கடிதம், தூதரகம், விசா ரத்து, உடம்புக்கு மருந்தேற்றுவது, சரக்கு விமானத்தில் இடம். பெட்டி கிளம்பப் பதினோரு நாளாயிற்று. அந்தப் பதினோரு நாளையும் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன். இங்கே இறந்தவர்கள் காத்திருப்பார்கள், அவசரமெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் என்று அப்போதே என் மனதில் பதிந்துவிட்டது. எங்கள் வேதக்காரர்களான கிறிஸ்தவர்களும் சரி, மற்றவர்களும் சரி, நான் பார்த்தவரை எல்லோருமே ஊருக்குத்தான் போனார்கள். அவன் வாப்பாவையும் ஊருக்குக் கொண்டுபோவார்கள், நாட்கள் இருக்கின்றன என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். எப்போது எடுக்கிறீர்கள், எங்கே என்று சாச்சாவிடம் ஒரு கேள்வி. அது என் வாயில் வரவில்லை.

இன்னொன்று, எங்கள் வீடுகளின் வழக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது என் தாய்மாமா இறந்துபோனார். கடைசிப் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்கள். நான் கோபப்படவில்லை. எனக்கு அது அன்பாகத்தான் பட்டது. அவனுக்கு அது கடைசி நாள், கேட்டு வாங்கிய நாள். முடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அதை நினைத்தபோது எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லெண்ணம்கூட இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“யாரு போன்?”

“உன் சாச்சா. வாப்பாவுக்கு லேசா முடியலையாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க.”

“என்னாச்சு? சுகரா?”

“அப்படித்தான்னு நெனைக்கேன்.”

“ஸ்வீட் சாப்ட்டிருப்பாரு. உம்மா லாக் பண்ணி வச்சாலும் கடைப் பையன்கிட்ட சொல்லி வாங்கிடுவாரு.” பிறகு கொஞ்சம் யோசித்தான். “சாச்சா வாய்ஸ் எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“டென்ஷனா இல்லையே?”

“இல்லல.”

அவன்தான் அன்றைய தலைவன். எக்ஸிட் எடுக்கலாமா என்று முடிவு செய்யும் உரிமை அவனுக்கும் இருந்தது. உஸ்தாத்தைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைத் திறந்து, ‘06:40. வீட்டிலிருந்து அழைப்பு. தந்தைக்கு உடல்நலமில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அந்தப் பதிவேட்டில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

“ஓகே, பிளான்படி போவோம். வேகமாப் போனா ஒன்றரைக்கே இறங்கிடலாம். யல்லா” என்றான்.

ஏழரைக்குக் கிளம்பினோம். அன்று அவன் நடத்திய விதத்தை நான் குறைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, வரைபடத்தைத் தரையில் விரித்து, எல்லோருடைய கண்ணும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, பிறகே நடந்தான். ஒன்பது மணிக்கு முகட்டுக்கு வந்துவிட்டோம். அங்கிருந்து மேற்கே கடல் தெரியும். அதற்கு முன் சிமெண்ட் ஆலைகளின் புகை, அதற்கும் முன் அப்பாவின் தொழிற்சாலைக் கூரைகள். அவன் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

“வாப்பா இத ஒரு தடவ பாக்கணும்டா. ஆடு ஆடுன்னு பேசுறாருல்ல. கூட்டிட்டு வந்து இங்க நிக்க வச்சிடணும்.”

“அவரு லுங்கியோட ஏறுவாரால?”

“மடிச்சுக் கட்டிட்டு ஏறிடுவாரு. மூச்சு வாங்கிட்டே எல்லாத்துக்கும் கமெண்ட் வேற அடிப்பாரு.”

சிரித்தான். பாட்டிலை எடுத்துக் குடித்தேன். சொல்லிவிடலாம் என்று அப்போது ஒரு முறை தோன்றியது. அவன் காலடியில் இரு பக்கமும் சரிவு. சாச்சா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பிறகு குழுவிலிருந்த எகிப்து மாணவன் நொண்ட ஆரம்பித்தான். குதிகாலில் கொப்புளம் உடைந்து பூட்ஸ் முழுக்க ரத்தம். என் நண்பன் உடனே கூட்டத்தை நிறுத்தினான். நொண்டியவன் காலைத் தன் மடியில் வைத்துக் கழுவி, பஞ்சு வெட்டி வளையமாக வைத்துக் கட்டினான். அவன் மூட்டையைப் பிரித்து ஐந்து பேருக்குப் பங்கிட்டான். அதற்குப் பிறகு அவனைத் தனக்கு அடுத்தபடியாக முன்னால் நடக்கவைத்து, அவன் வேகத்துக்கே எல்லோரையும் நடத்தினான். நின்ற நேரம் மட்டும் ஐம்பது நிமிடம். எல்லாவற்றையும் பாடத்தில் உள்ளபடி செய்தான். நான் பின்னால் நடந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதும் எனக்குப் பதற்றம் இல்லை. நாட்கள் இருக்கின்றன என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அந்த ஆளில்லாத ஊருக்கு வந்தோம். ஐந்தாறு கல் வீடுகள், கூரை இல்லாதவை. கொஞ்சம் நிழல். அவன் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி ஊற்றி தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளூவைச் செய்துவிட்டு, எகிப்து மாணவனும் இன்னும் மூவரும் பின்னால் நிற்க, நண்பகல் தொழுகையான லுஹரைத் தொழுதான். மற்றவர்கள் எழுந்த பிறகும் அவன் எழவில்லை. இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். முடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிரித்தான்.

“வாப்பாக்குத்தான் துஆ செஞ்சேன். சீக்கிரம் நல்லாயிடணும்னு. நீயும் உங்க சாமிகிட்ட கேளுடா, டபுளா கிடைக்கும்.”

நான் தலையாட்டினேன். அந்த மனிதர் இறந்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. இதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தொழுகைகளையும் செபங்களையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றைத்தான் நான் தடுத்திருக்க வேண்டும்.

வேன் நின்ற இடத்துக்கு இறங்கும்போது இரண்டு ஐம்பது. தூரத்திலிருந்தே ஓட்டுநர், ஒரு பட்டாணியர், கையை வீசிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். அவ்வளவு வயதானவர் கல்லில் ஓடுவதைப் பார்த்ததும் எல்லோரும் நின்றுவிட்டோம். எங்கள் கைப்பேசிகள் நடை முடியும்வரை வேனில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். காலையிலிருந்து ஒரு கைப்பேசி பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்ததாகவும், மதியம் பொறுக்கமாட்டாமல் தானே எடுத்துப் பேசியதாகவும் பிறகு சொன்னார்.

ஓடிவந்தவர் என் நண்பனைக் கட்டிக்கொண்டார். “சபர் கரோ பேட்டா, சபர் கரோ. அசர் கே பாத் தஃபன் ஹை. ஜல்தி பைட்டோ.” பொறுத்துக்கொள் மகனே, மாலைத் தொழுகையான அசருக்குப் பிறகு அடக்கம், சீக்கிரம் ஏறு.

அவர் தோளுக்கு மேலே என் நண்பனின் முகம் தெரிந்தது. அவன் ஓட்டுநரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“உனக்குத் தெரியுமா?”

“ம்.”

“எப்ப?”

“காலையிலயே.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவன் முதுகு மூட்டையை அப்படியே தரையில் நழுவவிட்டுவிட்டு, நடந்துபோய் வேனின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டான்.

உஸ்தாத் என்னைத் தனியே இழுத்தார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வீட்டில் சொல்லவேண்டாம் என்றார்கள் என்றேன்.

“அவன்கிட்ட சொல்லாதேன்னாங்க. என்கிட்ட சொல்லாதேன்னு யார் சொன்னது?” அவர் இந்தியில் கேட்டார். நான் மனதில் வைத்திருப்பது தமிழில்தான். “ஒன்பது மணிக்கு அவனை வண்டியில ஏத்தியிருப்பேன். காரணம் சொல்லாமலே ஏத்தியிருப்பேன்.”

அவர் கத்தவில்லை. அவரிடமிருந்து அதற்குப் பிறகு நான் ஆங்கிலத்தில் எந்தத் திட்டும் வாங்கவில்லை.

ராஸ் அல் கைமா மலையடிவாரத்திலிருந்து துபாய்க்கு, ஓட்டுநர் எவ்வளவு விரட்டியும், ஒன்றே முக்கால் மணி நேரமாயிற்று. மூன்றரை மணிக்கு மேல் வெயில் முன்கண்ணாடியில் அடித்தது. என் நண்பன் சாச்சாவுக்கு ஒருமுறை போன் செய்தான். “வர்றேன். வெயிட் பண்ணுங்க. சாச்சா, ப்ளீஸ், வெயிட் பண்ணுங்க” என்றான். அதற்குப் பிறகு வழி முழுக்க உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டே வந்தான். உமுல் குவைன் தாண்டும்போது சாலையோரப் பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொன்னது. அவன் ஓதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் தலையைச் சாய்த்தான்.

மையவாடியின், அதாவது அடக்கத் தலத்தின், வாசலில் இறங்கும்போது ஐந்துக்குப் பத்து நிமிடம். எதிரே கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. தொப்பியும் வெள்ளை வேட்டியுமாய் அவர்கள் ஊர்க்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள். அவனைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். சாச்சா ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டார்.

“முகம் பாக்கணும் சாச்சா.”

“மூடியாச்சுடா மக்கா. மண்ணுப் போட்டாச்சு.”

“ஒரு தடவ.”

“ஆகாதுடா. லுஹருக்கே எடுக்கறதா இருந்தது. உனக்காகத்தான் அசர் வரைக்கும் வச்சிருந்தோம். அதுக்கு மேல ஆகாதுன்னுட்டாங்க. எங்க மௌத்தாகுறேனோ அங்கயே அடக்கிடுங்க, பொட்டில போட்டு அனுப்பாதீங்கன்னு காக்கா எப்பவும் சொல்லும்ல?” பிறகு அவர் என்னைக் கண்டுகொண்டார். போனில் கேட்ட குரலை மட்டும் வைத்து நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தெரிந்துவிட்டது. “நான் வெரசா வரச் சொன்னேனே தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தான் சரியாகச் சொல்லாமல் விட்டோமோ என்று தன்னையே கேட்பது போலிருந்தது.

மலை மண் ஒட்டிய பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் உள்ளே போனான். வெறுமண்ணாய் வரிசை வரிசையாய்க் கபர்கள், தலைமாட்டில் ஒரு கல், வேறு அடையாளம் இல்லை. அன்று புதிதாய் மூன்று. நடுவில் இருந்ததை சாச்சா காட்டினார். அவன் குனிந்து மூன்று பிடி மண் எடுத்துப் போட்டான். நான் வாசலோடு நின்றுவிட்டேன். சிறிது நேரம் கழித்து ஓட்டுநர் வந்து என் தோளைத் தொட்டார். மற்றவர்கள் வேனில் காத்திருந்தார்கள்.

ஏப்ரலில் அவன் கல்லூரிக்கு வரவில்லை. அடுத்த பருவத்திலும் வரவில்லை. கடையைப் பார்த்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். உஸ்தாத் அந்தக் கடைசி நாளுக்கு அவனுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார். நானும் தேறினேன். எண்ணிப் பார்த்தால் அவனுக்கு நான் பதினேழு கடிதங்கள் எழுதி, ஒன்றையும் அனுப்பவில்லை. அவனால் தமிழ் படிக்க முடியாது என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன்.

2009 பிப்ரவரியில் எனக்குக் கத்தாரில், ராஸ் லஃபானில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம், ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, தேராவில் அவன் கடைக்குப் போனேன். ஒரு சூடானிப் பெண்மணிக்குத் துணி அளந்துகொண்டிருந்தான். தாடி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது, பிறகு அளந்து முடித்தது. அந்த அம்மாள் போனதும், “வாங்க. உக்காருங்க. டீ சொல்றேன்” என்றான்.

‘டா’ இல்லை. கிண்டல் இல்லை. கடைக்கு வருகிற எல்லோரிடமும் பேசுவது போலப் பேசினான். தமிழ் இப்போது சுத்தமாக இருந்தது. வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசிப் பழகியிருக்கும். உம்மா நலமா என்று கேட்டேன். ஊருக்குப் போய்விட்டார்கள் என்றான். கத்தாருக்குப் போகிறேன் என்றேன். நல்லது என்றான். டீ வந்தது. நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று தொடங்கினேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“அத விடுங்க. சாச்சாவும்தான் சொல்ல வேணாம்னாங்க. ஒன்னே ஒன்னு கேக்கணும். ரெண்டு வருஷமா கேக்கணும்னு இருக்கு.”

“கேளுல.”

“மேல ரிட்ஜ்ல நின்னு நான் வாப்பாவ வச்சு ஜோக் அடிச்சுட்டு இருந்தேன்ல. சிரிச்சேன்ல. அப்ப என் மூஞ்சியப் பாத்து நீங்க என்ன நெனச்சீங்க?”

நல்ல பதிலாக ஒன்றைத் தேடினேன். அவனிடம் இனி அதுவும் செய்யக்கூடாது என்று தோன்றியது.

“இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கட்டும்னு நெனச்சேன்.”

அவன் அளவு நாடாவை விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். வாசலில் ஒரு வாடிக்கையாளரின் நிழல் ஆடியது. அவன் எழுந்துகொண்டான்.

“டீ ஆறுது. குடிங்க” என்று சொல்லிவிட்டு அவரை நோக்கிப் போனான்.